கலங்கிய குப்பியும் மண்பானைத் தண்ணீரும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தைக் கட்டிக்காக்கும் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மேடைக்கு வந்ததும் மோர் கொடுத்து உபசரித்த பொருளாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். சூடு பட்டால் தண்ணீரை விட்டுப் பிரியும் பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்; பிரிந்தது நேரம் போகப்போகத் திரளும் விதம்; பள்ளி ஆய்வகத்துக்காக ஒரு கோரிக்கை. சிறு துளி பெருவெள்ளம். இன்றைய பேச்சு முழுக்க அதுதான்.

சர்க்கரை சூட்டில் சீக்கிரம் கரையும். நான் சொன்ன பாலிமர், பாலி ஐசோப்ரொபைல் அக்ரிலமைடு, அதற்கு நேர்மாறு. குளிர்ந்த நீரில் தெளிவாகக் கரைந்திருக்கும். ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பால்போல் வெளுக்கும். 1968இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சங்கிலியைச் சூழ்ந்து வரிசைகட்டி நின்ற நீர் மூலக்கூறுகள் சூட்டில் விலகிப்போக, விரிந்து கிடந்த சங்கிலி நூற்கண்டாய்ச் சுருண்டுகொள்கிறது.

ஒரு பங்குனி மாதம் இதைக் காட்டலாம் என்று ஒரு பள்ளிக்குப் போனேன். குப்பி பையில், நான் பேருந்தில், ஜன்னலோரம் வெயில். வகுப்பில் எடுத்துப் பார்த்தால் முன்பே வெளுத்துக் கிடக்கிறது! "தெளிவாக இருக்கும் பாருங்கள்" என்று சொல்ல வந்தவன் வாயடைத்து நிற்கிறேன். ஆய்வகத்துக்குப் போவோம் என்றால் பூட்டு. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து ஓடினாள். தாழ்வாரத்து மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து, "இதில் வைங்க ஐயா" என்றாள். வைத்தோம். மெல்ல மெல்லத் தெளிந்தது. வகுப்பே கைதட்டியது! அந்தச் சொம்புதான் அன்றைக்கு ஆய்வகம்.

சூடு நீடித்தால் என்ன ஆகும்? சுருண்ட கண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். கரைசல் மிக நீர்த்திருந்தால் நுண்துகள்களாகி, அந்த அளவிலேயே நெடுநேரம் மிதக்கும். செறிவு கூடினாலோ உப்பைச் சேர்த்தாலோ துகள்கள் கூடிக்கூடிப் பெருத்து அடியில் படியும். சட்டென்று சூடாக்கினால் துகள் சிறிது, நிதானமாகச் சூடாக்கினால் பெரிது. சிறு துளி பெருவெள்ளம்!

இதையெல்லாம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டாமா? பூட்டிய அறைக்குள் சோதனைக் குழாய்கள் தூசி படிந்து கிடக்கின்றன. வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது அந்தக் கதவு திறக்க வேண்டும். அதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் அம்மா அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பேனா இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது.