கோச் ஏறி வந்த கோச்சிங்

[திரையில்: எழும்பூர் ரயில் நிலைய நடைமேடை. மேலே தொங்கும் பலகையில் ‘எஸ் 5’ என்று சிவப்பு எழுத்து.]

ரயில் வர இன்னும் பத்து நிமிடம். கோச் பொசிஷன் பார்த்தபடி ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். இங்கே கோச் என்றால் ரயில் பெட்டி. லண்டனில் கோச் என்றால் ஊர் விட்டு ஊர் போகிற பேருந்து. ஊருக்குள் ஓடுவதுதான் அங்கே பஸ். அமெரிக்காவில் விமான டிக்கெட் எடுக்கும்போது கோச் என்றால் விலை குறைந்த இருக்கை, அதாவது எகானமி. அப்புறம் கிரிக்கெட் அணிக்கும் ஒரு கோச் இருக்கிறார்.

[திரையில்: ஹங்கேரி வரைபடம்.]

இத்தனைக்கும் பூர்வீகம் ஒன்றுதான். ஹங்கேரியில் கொச் என்று ஒரு கிராமம். வியன்னாவிலிருந்து புடா (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) போகிற வழியில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் செய்த குதிரை வண்டிகளுக்கு நல்ல பெயர். கொச் ஊர்க்காரன், கொச் ஊர்ப் பொருள் என்பதை ஹங்கேரிய மொழியில் ‘கொச்சி’ என்பார்கள் (நம் கொச்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை). முதலில் ‘கொச்சி வண்டி’ என்றவர்கள், போகப் போக வண்டியை விட்டுவிட்டு வெறும் கொச்சி என்றார்கள். பத்தமடைப் பாயை ‘ஒரு பத்தமடை கொடுங்கள்’ என்று கேட்பது போல. அந்தச் சொல் ஐரோப்பிய மொழிகளில் ஏறி இறங்கி ஆங்கிலத்தில் கோச் ஆனது. ஹங்கேரியில் இன்றைக்கும் கொச்சி உண்டு. வாசலில் நிற்கும் காரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சரி, வண்டி எப்படி வாத்தியார் ஆனது? அது 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் செய்த கேலி. தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து, மாணவனைத் தேர்வு வரைக்கும் ஏற்றிக்கொண்டுபோய் பத்திரமாக இறக்கிவிடுகிறவர் என்பதால் அவரைக் கோச் என்றார்கள். அங்கிருந்து விளையாட்டு மைதானத்துக்குப் போனது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு தொங்குகிற நீட் கோச்சிங் சென்டர் பலகையிலும் அதே குதிரை வண்டிதான் நிற்கிறது. வண்டி என்றால் கட்டணம் கேட்கத்தானே செய்வார்கள்!

[திரையில்: நின்றிருக்கும் ரயிலின் அடிப்பக்கம். கேமரா சக்கரங்களுக்கு அருகே போகிறது.]

எழும்பூருக்கே திரும்பிவிடலாம். ‘கடைசி போகியில் ஏறு’ என்கிறோம். சற்றுக் குனிந்து பாருங்கள். பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம், அதில் சுருள் வில்கள், இரண்டு அச்சு, நான்கு சக்கரம். மறுமுனையிலும் அப்படியே ஒன்று. அந்தச் சட்டத்துக்குத்தான் போகி என்று பெயர். பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1955 முதல் பெட்டி செய்கிற பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் போய் ‘நான் போகிக்குள் உட்கார்ந்து வந்தேன்’ என்றால் சிரிப்பார்கள். நாமோ முழுப் பெட்டிக்கும் அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். தப்பு என்று சண்டை போட எனக்கு மனமில்லை. ஆனால் பெட்டி என்கிற அழகான சொல் கையில் இருக்க, போகி எதற்கு?

[திரையில்: திருநெல்வேலி, நெல்லையப்பர் கோயில் தேர்.]

இங்கே கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள் ஆங்கிலத்தில் கார் ஸ்ட்ரீட். வெளியூர்க்காரர் கார் நிறுத்துகிற தெரு என்று நினைத்தால் அவர் மேல் குற்றமில்லை. ஆனால் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியதே 1886இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் கார் என்ற சொல் உண்டு. சக்கரம் வைத்த வண்டிக்கும், கவிதையில் தேருக்கும் அதுதான் சொல். மோட்டார் பின்னால் வந்து பெயரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ரயில் பெட்டியும் கார்தான். ஏன், லிஃப்டில் நாம் நிற்கிற கூண்டும் பொறியாளர்களுக்குக் கார். அதற்குச் சக்கரம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

தேர் என்றதும் இன்னொன்று. பூரி ஜகந்நாதர் தேருக்கு 16 சக்கரம். கூட்டம் வடம் பிடித்து இழுக்க, அது உருண்டு வருவதைப் பற்றி ஐரோப்பியப் பயணிகள் கொஞ்சம் மிகைப்படுத்தியே எழுதி வைத்தார்கள். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஜகர்நாட் ஆகி, எதிரே வருவதை நசுக்கிக்கொண்டு போகும் சக்தி என்ற பொருளைப் பெற்றது. அமெரிக்கர்கள் அதோடு நின்றுவிட்டார்கள். பிரிட்டனிலோ அது ராட்சத லாரிக்கும் பெயர். அங்கே ஒரு கிராமத்துக்காரர், ராத்திரியெல்லாம் ஜகர்நாட் போய்த் தூக்கம் கெடுகிறது என்று புலம்பினால், பாவம், அவர் சாமியைச் சொல்லவில்லை.