நூறு கலம் நெல்லும் ஒரு வீடும்

(நாயன (நாகஸ்வர), தவில் கலைஞர்கள் கூடிய ஓர் ஆடி மாதக் கூட்டத்தில் பேசியது, எழுத்தில்)

அய்யாமார்களே, அம்மாமார்களே, எல்லாருக்கும் வணக்கம். ஆடியில் கல்யாண மேளம் ஓய்ந்திருப்பதால்தான் இத்தனை செட்டும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் அரசுப் பணம் நம் கைக்கு எப்படி வருகிறது என்பதை இன்றைக்கே பேசிவிடுகிறேன்.

1955-ல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய இயல் இசை நாடக மன்றம். கலைமாமணி விருது கொடுக்கிற இடம் என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய், வாத்தியமும் உடையும் வாங்க 10,000 ரூபாய், இரண்டுக்குமே மன்றத்துக்குத்தான் மனுப்போட வேண்டும். கரகம், தப்பாட்டம் ஆடுகிறவர்களுக்கு 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் தனியாக இருக்கிறது. பிள்ளைகளுக்குத் திருவாரூரிலும் சீர்காழியிலும் அரசு இசைப்பள்ளி, மூன்று வருஷப் படிப்பு. சரி, இவ்வளவும் இருந்தும் நம் தெருவில் எத்தனை வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது?

என் பெரியப்பா நாற்பது வருஷம் தவில் வாசித்தவர். உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தார், ஓர் அலுவலகத்தில் வருமானச் சான்று சரியில்லை என்று திருப்பினார்கள், அப்புறம் போட்டோ சரியில்லை என்றார்கள், அப்புறம் கலைஞர் என்பதற்கே ஆதாரம் கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் திண்ணையில் உட்கார்ந்து, பசை தடவிய துணியை விரல் விரலாகச் சுற்றி, தவில் வாசிக்க விரலில் மாட்டுகிற கூடு செய்துகொண்டிருந்தார். காய்ப்பேறிய வலது கையை என் முன்னால் நீட்டி, "இதைவிட என்னடா ஆதாரம்?" என்றார். கடைசியில் பணம் வந்தது, பதினோரு மாதம்தான் வாங்கினார்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள், 400 பேருக்கு ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் (கலம் என்பது அந்தக் காலத்து நெல் அளவு) நெல் விளைகிற ஒரு பங்கு. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற நட்டுவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும்கூடப் பங்கு உண்டு. ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, கலைஞன் ஆடிப் பாடி வாசிக்கிற வயசில் அவனுக்குச் சோறும் வீடும் வேண்டும், அவனுக்குப் பின்னால் அந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு நலிந்தபின் கொடுக்கிறோம். கொடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வயசுத் தவில்காரன் முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் என்ன செய்வான்? திருப்பூருக்குப் போகிறான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அந்த மாதங்களில் ஊர் ஊராக அரசே கச்சேரி வைத்து உரிய சம்பளம் கொடுக்கட்டும், நாம் கேட்க வேண்டியது அதுதான்.

நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு வந்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதைக் கடைய ஆச்சா மரம் வேண்டுமே, இடிக்கிற பழைய வீட்டுத் தூணையும் உத்தரத்தையும் அல்லவா ஆசாரி தேடி அலைகிறார்? மரத்துக்கும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம், போகும்போது கையெழுத்துப் போடுங்கள்.

பந்தக்கால் பக்கத்தில் நம் பிள்ளைகள் நாலு பேர் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், வாத்தியத்தோடு எடுத்த போட்டோ. போட்டோ இல்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள், தம்பி எடுத்துத் தருவான். விரலில் கூட்டோடு வாருங்கள்.