அணைக்க முடியாத வசதி யாருக்கு வசதி?

நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து இப்போதே எனக்கு மறுப்புத் தேடிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, கோலாலம்பூரின் இந்தப் பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததால் மட்டுமே இந்த மண்டபத்துக்குள் வர முடிந்த அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

சமூக ஊடகச் செயலிகளிலும் காணொளித் தளங்களிலும் பெருகிவரும் புதுப்புது வசதிகள் நமக்கு உதவியா, உபத்திரவமா? இதுதான் தலைப்பு. உபத்திரவமே என்று பேச வந்திருக்கிறேன். நான் பேராசிரியர் இல்லை, இதே வட்டாரத்தில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். திரை உடைந்தால் வருவார்கள், பேட்டரி போனால் வருவார்கள். இப்போது இன்னொரு கூட்டம் வருகிறது. கைப்பேசியில் ஒரு பழுதும் இருக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு என்னமோ மாறிப்போச்சு, பழையபடி ஆக்கிக் கொடுங்க தம்பி" என்பார்கள். செயலி புதுப்பித்துக்கொண்டுவிட்டது, பழையபடி ஆக்க யாராலும் முடியாது. முடியாத வேலைக்குக் காசும் வாங்க முடியாது. ஆகவே இந்த உபத்திரவத்தில் முதல் நட்டம் எனக்குத்தான் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார், காது கேளாதவர்களுக்குத் திரையில் வசன வரிகள் வந்தனவே, இதைவிட வேறென்ன உதவி வேண்டும் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அந்த வரிகள் எப்படி வந்தன என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அமெரிக்காவின் தேசியக் காது கேளாதோர் சங்கம் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குப் போட்டது. இணையத்தில் ஓட்டும் எல்லாவற்றுக்கும் 2014-க்குள் வசன வரிகள் போட்டுவிடுகிறோம் என்று 2012-இல் நிறுவனம் நீதிமன்றத்தில் உடன்பட்டது. அம்மா, உங்கள் முதல் சாட்சியே எங்கள் அணிக்காரர். மக்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வசதிக்கு வழக்காட வேண்டியிருந்தது. யாரும் கேட்காதவை மட்டும் வாராவாரம் தானாக வந்து இறங்குகின்றன.

பார்வையற்றவர்களைப் பற்றியும் அம்மையார் சொன்னார். அந்தப் பேச்சை இந்த ஊரில் எடுத்ததற்கு நன்றி. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதே இங்கேதான். வெளியே நடைபாதையில் காலில் தட்டுப்படும் புடைப்புக் கற்கள் அவர்களுக்காகப் போட்டவை. என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறார், பார்வை கிடையாது. ஓய்வு நேரத்தில் பழைய தமிழ்ப் பாடல்கள் கேட்பார். அவர் கைப்பேசியில் திரைப் படிப்பான் ஓடும். விரலை வலப்பக்கமாகத் தள்ளத் தள்ள, திரையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கும். வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கும். பழகிய செயலி என்றால் அவர் அந்தக் குரலைக் கேட்பதுகூட இல்லை. விரலே கணக்கு வைத்திருக்கும். இத்தனை தள்ளல், ஒரு தட்டு, பாட்டு.

ஒரு நாள் வந்து, "அண்ணே, பாட்டு போட்டா எவனோ கத்துறான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். புதுப்பித்ததில், கீழ் வரிசையின் நடுவே குறுங்காணொளிக்கென்று ஒரு புதுப் பொத்தான் நுழைந்திருக்கிறது. அவர் விரல் பழைய கணக்கில் போய் அதில் விழுகிறது. இதிலும் ஒரு கொடுமை உண்டு. நமக்கு அங்கே ஒரு படம் தெரியும். படிப்பானுக்குப் படம் தெரியாது. பொத்தானுக்குள் எழுதிவைத்த பெயரைத்தான் அது படிக்கும். செய்தவர்கள் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்த இடம் வந்ததும் அது பெயரில்லாத பொத்தான் என்று மட்டும் சொல்கிறது. "என்ன பொத்தான்னு அதுக்கே தெரியல லா" என்று அவர் சிரிக்கிறார். அந்தப் பொத்தானை எடுத்துவிடலாமா என்று அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தேடினேன். வழியே இல்லை. கடைசியில் அவர்தான் புதிதாக எண்ணப் பழகிக்கொண்டார். அடுத்த புதுப்பிப்பு வரைக்கும் அது செல்லும்.

அது யாரோ ஒரு நிரலாளரின் கவனக்குறைவு, வசதியின் குற்றமில்லை என்று அடுத்துப் பேசப்போகும் தம்பி சொல்வார். சரி, கவனக்குறைவுதான். பொத்தானை நட்டநடுவில் வைக்கக் கவனம் இருந்தது, அதற்கு ஒரு சொல் எழுதக் கவனம் இல்லை. எந்தப் பக்கம் அவசரம் இருந்தது என்று நடுவருக்கே புரியும்.

வசதி என்றால் என் கணக்கில் இரண்டு கேள்விதான். வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகு அது வேண்டாமாகவே இருக்கிறதா? இங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இலையை மடித்துவிட்டால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார். இந்தச் செயலிகள் மடித்த இலையை விரித்து மறுபடியும் ரசம் ஊற்றுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் முகப்பில் ஒரு படத்தின் மேல் கொஞ்சம் நின்றாலே முன்னோட்டம் சத்தத்தோடு ஓட ஆரம்பிக்கும். ஆண்டுக்கணக்கில் மக்கள் திட்டித் தீர்த்த பிறகு, 2020 பிப்ரவரியில்தான் அதை அணைக்க ஒரு வழி கொடுத்தார்கள். தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே ஒரு பக்கம், அதை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். செய்தவரே வருந்தும் பொருளுக்கு எங்கள் எதிரணி வக்காலத்து வாங்குகிறது! தங்கள் போட்டி தூக்கத்தோடு என்று நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். பக்கத்துக் கடையோடு போட்டி போடும் வியாபாரியைப் பார்த்திருக்கிறோம், இவர்கள் நம் தலையணையோடு போட்டி போடுகிறார்கள்.

சேர்வது எவ்வளவு சுலபம் என்று தம்பி பேசுவார். நான் வெளியேறுவதைப் பற்றிப் பேசுகிறேன். செந்தூலிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஜொகூரில் வேலை பார்க்கும் மகன், முதல் மாதம் இலவசம் என்று ஒரு காணொளிச் செயலியில் வங்கி அட்டையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா பார்ப்பதோ தொலைக்காட்சியில் வரும் நாடகம். மாதாமாதம் பணம் மட்டும் கழிந்துகொண்டிருக்கிறது. நிறுத்த உட்கார்ந்தோம். செயலிக்குள் நிறுத்தும் இடமே இல்லை, இணையப் பக்கத்துக்குப் போ என்றது. போனால் கடவுச்சொல் கேட்டது. ஜொகூருக்குப் போன் போட்டோம். உள்ளே நுழைந்ததும், போகாதீர்கள், இதையெல்லாம் இழப்பீர்கள் என்று ஒரு பட்டியல். அப்புறம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பேரம். அப்புறம், ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் 'தொடர்கிறேன்' என்பது பெரிய வண்ணப் பொத்தான், 'நிறுத்து' என்பது சாம்பல் நிறத்தில் மெலிந்த எழுத்து. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தும் அது தெரியவில்லை. "இது என்னப்பா, புகுந்த வீட்டை விட்டு வர்றதுகூட இதைவிடச் சுலபம்" என்றார்.

இது பிரிக்பீல்ட்ஸ் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2023-இல் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. ஒப்புதல் இல்லாமலே ஆட்களைப் பிரைம் சந்தாவில் சேர்த்தார்கள், விலகும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. விலகும் அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று அந்த வழக்கில் வெளிவந்தது. ட்ரோய் போரைப் பாடும் பழைய கிரேக்கக் காவியம், நடுவர் அவர்களே! நம் ஊரில் இப்படிப் பெயர் வைக்கும் ரசனை இருந்தால் குருக்ஷேத்திரம் என்று வைத்திருப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

சேர்த்தது போதாதென்று, நமக்கு உதவியாக இருந்ததை எடுத்தும்விட்டார்கள். யூடியூபில் பிடிக்கவில்லை என்று தட்டியவர்களின் எண்ணிக்கை முன்பு எல்லோருக்கும் தெரியும். 2021 நவம்பரில் அதை மறைத்தார்கள். படைப்பாளிகளைக் கூட்டம் சேர்ந்து தாக்குவதைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் தொழிலில் பாருங்கள். பேட்டரி மாற்றுவது எப்படி என்று நூறு காணொளி இருக்கும். வீங்கிப்போன பேட்டரியைக் கத்தியால் நெம்பச் சொல்லும் ஆளும் அதில் இருப்பார். அந்த எண்ணைப் பார்த்தால், இவரை நம்பாதே என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். இப்போது முழுவதும் பார்த்த பிறகுதான் தெரிகிறது, சிலருக்குப் புகை வந்த பிறகு. யூடியூபின் முதல் காணொளி 2005-இல் ஏற்றப்பட்டது. அதை ஏற்றியவர் இணை நிறுவனர் ஜாவேத் கரீம். இந்த மாற்றத்தைக் கண்டித்து, அதே காணொளியின் குறிப்பில் எழுதினார். பெற்ற தகப்பனே எங்கள் அணியில்தான்.

நேர வரிசைக்கு வருகிறேன். முன்பெல்லாம் யார் எப்போது போட்டார்களோ அந்த வரிசையில் வரும். இப்போது நமக்கு எது பிடிக்கும் என்று இயந்திரம் தீர்மானித்து வரிசை கட்டுகிறது. இன்ஸ்டகிராம் 2016-இல் அப்படி மாறியது. நேர வரிசையில் பார்க்கும் வழி 2022-இல் திரும்பி வந்தது, அதுவும் தேடிப்போய்த் தட்டினால்தான். பிறந்தநாள் கேக் பிந்தி வந்தால் பரவாயில்லை. நம் சமூகத்தில் இந்தத் தளங்களை மூத்தவர்கள் எதற்குப் பார்க்கிறார்கள்? இறப்புச் செய்திக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் காலமானபோது அவர் மகள் ஒரு தளத்தில் போட்டார்: இன்று மாலை 3 மணிக்குச் செராஸ் மின்சுடலையில் தகனம். அந்தச் செய்தி என் திரையில் தலைகாட்டும்போது காரியம் முடிந்து சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அதற்கு மேலே ஒருவர் துரியான் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் துரியான் பிடிக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மாற்று செய்ய முடியாதா? முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னியல் சேவைச் சட்டப்படி, நம் பழக்கத்தை வைத்துக் கணிக்காத ஒரு பரிந்துரை வழியையும் பெரிய தளங்கள் தந்தாக வேண்டும். அதற்காகவே 2023-இல் டிக்டாக் ஐரோப்பியப் பயனர்களுக்கு அந்த அணைப்பானைக் கொடுத்தது. சட்டம் வந்த இடத்துக்குத்தான் முதலில் பொத்தான் வந்தது. நம் நாட்டிலும் 2025 ஜனவரி 1 முதல், 80 லட்சம் பயனர்களும் அதற்கு மேலும் உள்ள சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயம். மோசடி, பகடிவதை போன்ற கேடுகளைத் தடுப்பது அதன் நோக்கம். நல்ல விதிதான். என் கடைக்கு வரும் அந்தப் பார்வையற்ற நண்பருக்கு வேண்டிய அணைப்பானைப் பற்றி அது பேசவில்லை.

24 மணி நேரத்தில் மறையும் பதிவுகள், அதாவது 'ஸ்டோரி' எனும் கதைகள் பற்றி ஒரு வார்த்தை. ஸ்னாப்சாட்டில் இருந்தது, 2016-இல் இன்ஸ்டகிராமுக்கு வந்தது, 2017-இல் வாட்ஸ்அப் புலனத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் பழைய எழுத்து நிலைக்குறிப்பைத் தூக்கிவிட்டு, மக்கள் கத்தியதும் திருப்பிக் கொடுத்தார்கள். டுவிட்டரும் செய்து பார்த்து 2021-இல் மூடியது. கேட்டவர் யார்? இந்த மண்டபத்தில் ஒருவர் கை தூக்குங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரு நிமிடம். எதிரணித் தலைவர் புலனத்தின் பகிர்வுக் கட்டுப்பாட்டைப் பெருமையாகச் சொன்னார். வதந்தியால் இந்தியாவில் அடித்துக் கொலைகள் நடந்த பிறகு, 2018-இல் அங்கே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது என்று வைத்தார்கள். 2019-இல் அதை உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் ஐயா, அது வசதியைக் குறைத்ததால் வந்த நன்மை! உங்கள் அணிக்குக் கிடைத்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டே எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

அடுத்து பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கைப்பேசியில் நீங்கள் அதிகம் பார்க்கும் செயலியைத் திறந்து, அதிலிருக்கும் குறுங்காணொளிப் பகுதியை நிரந்தரமாக எடுத்துக் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு, முப்பது நாளைக்கு என்று தள்ளிவைப்பது கணக்கில் வராது. நடுவர் கடிகாரம் பார்க்கட்டும், இரண்டு நிமிடம் தருகிறேன். முடித்துவிட்டால் இந்த மேடையில் உள்ள எல்லோருக்கும் தே தாரேக் என் செலவு. நன்றி, வணக்கம்.