செல் கோட்பாட்டைத் தந்தது சிந்தனையே

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"செல் கோட்பாடு உருவாகப் பெரிதும் காரணமாக அமைந்தது நுண்ணோக்கியா, சிந்தனையா?" என்னும் இன்றைய தலைப்பில், சிந்தனையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கண்ணுக்கே புலப்படாத ஒன்றைப் பற்றி எவராலும் கோட்பாடு வகுக்க இயலாது என்றும், ஆகவே மாலை வில்லையைத் தேய்த்தவனுக்கே விழ வேண்டும் என்றும் முழங்கிவிட்டுப் போனார். நுண்ணோக்கி இல்லாமல் செல்லைப் பார்த்திருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. அதை மறுத்தால் இந்த அவை என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் நடுவர் அவர்களே, செல்லைக் காட்டியது எது என்பதல்ல இன்றைய வழக்கு. செல் கோட்பாட்டைத் தந்தது எது என்பதே வழக்கு.

அந்தக் கோட்பாடுதான் என்ன சொல்கிறது? உயிருள்ளவை யாவும் ஒரு செல்லாலோ பல செல்களாலோ ஆனவை. உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு செல்லே. எந்தச் செல்லும் ஏற்கெனவே இருக்கும் ஒரு செல்லிலிருந்தே தோன்றுகிறது. இந்த மூன்றில் எதையாவது ஒரு வில்லையின் அடியில் வைத்துக் காட்ட முடியுமா? நுண்ணோக்கி இந்த இலையின் செல்லைக் காட்டும், அந்தத் தவளையின் செல்லைக் காட்டும். உலகத்து உயிர்கள் யாவும் அப்படித்தான் என்று துணிவதற்கு எந்தக் கண்ணாடியும் போதாது.

எதிரணியினர் பெருமையோடு எடுத்துரைத்த ராபர்ட் ஹூக்கையே முதல் சாட்சியாக அழைக்கிறேன். 1665-இல் இலண்டனில் வெளியான 'மைக்ரோகிராஃபியா' நூலில் அவர் தம் செய்முறையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கூராகத் தீட்டிய பேனாக்கத்தியால் தக்கையிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை வெட்டி எடுத்தார். அது வெண்மையாக இருந்ததால் கறுப்புத் தட்டின்மேல் வைத்தார். குவிந்த வில்லை ஒன்றால் அதன்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். தேனடையைப் போன்ற சின்னஞ்சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் செல் என்று பெயரிட்டதோடு நிற்காமல், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை அடங்கும் என்று எண்ணி, ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடியே 97 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கிட்டார். இவ்வளவு கூர்மையான மனிதர் அடுத்து என்ன கேட்டார் தெரியுமா? தக்கை ஏன் இலேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அழுத்தினால் ஏன் மீண்டும் எழுகிறது என்று கேட்டார். அறைகளுக்குள் காற்று நிறைந்திருப்பதே காரணம் என்று விடையும் கண்டார். அவர் கேட்ட கேள்விக்கு அது அருமையான விடை. உயிர் எதனால் ஆனது என்பது அவர் கேள்வியாக இருக்கவில்லை. ஆகவே அந்த விடையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக்கின் கதையும் அதுவே. ஏரி நீரில் நெளியும் ஒரு செல் உயிர்களையும், பல்லின் அழுக்கில் பாக்டீரியாக்களையும், விந்தணுவையும், இரத்தச் செல்களையும் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார். மீனின் இரத்தச் செல்லுக்கு நடுவே தெளிவாகத் தெரியும் ஒரு சிறு பகுதியைக்கூடக் குறித்து வைத்தார். ஒரு தனிமனிதர் இதைவிட அதிகமாக எதைப் பார்க்க வேண்டும்? ஆயினும் இவை யாவும் ஒரே வகை அலகின் வெவ்வேறு வடிவங்கள் என்ற எண்ணம் பிறக்கவில்லை. ஹூக்கிலிருந்து, கோட்பாட்டின் முதல் அடியை வைத்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லைடன் வரை 173 ஆண்டுகள் ஓடின.

இங்கேதான் எதிரணி தன் வலுவான வாதத்தை வைத்தது. பழைய வில்லைகளில் நிறப்பிறழ்ச்சி இருந்தது, பொருளின் விளிம்பில் வண்ணங்கள் கலங்கித் தெரிந்தன, 1830-ஐ ஒட்டி ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் அந்தக் குறையைக் களைந்த பின் பத்தே ஆண்டுகளில் கோட்பாடு வந்துவிட்டது என்றார்கள். கேட்கும்போது எனக்கே சற்றுக் கலக்கமாக இருந்தது. ஆனால் ஷ்லைடனுக்கும், விலங்குகளின் திசுக்களை ஆராய்ந்த ஷ்வானுக்கும் வழிகாட்டிய அடையாளம் எது? செல்லுக்குள் சிறு உருண்டைபோல் தெரியும் உட்கரு. அதை ஆர்க்கிட் செடிகளில் கண்டு 1831-இல் எடுத்துரைத்த ராபர்ட் பிரவுன் பயன்படுத்தியது பல வில்லைகளைக் கொண்ட புதிய கூட்டு நுண்ணோக்கியை அல்ல. லீவன்ஹூக் காலத்து முறையைச் சேர்ந்த ஒற்றை வில்லைக் கருவியைத்தான்.

1838-இல் ஷ்லைடன் தாவரங்கள் செல்களால் ஆனவை என்றார். அதற்கு முன்பே ஒரு விருந்தின்போது அவர் உட்கருவைப் பற்றிப் பேசக் கேட்ட ஷ்வான், விலங்குக் கருவின் முதுகுநாணில் தாம் பார்த்த ஒன்று அதே போன்றதல்லவா என்று நினைத்துக்கொண்டார். தாவரத்துக்கும் விலங்குக்கும் இடையே இருந்த சுவர் அந்த உரையாடலில்தான் விழுந்தது. பிறகு ஷ்வான் குருத்தெலும்பு, இறகு, நகம், பல், தசை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வடிவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இவையனைத்தும் செல்களிலிருந்து உருவானவையே என்று 1839-இல் நிறுவினார். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு கருவி அவருக்கு உதவியது, வரிசை அதுதான்.

சரி, நல்ல கருவி வந்த பிறகு உண்மை தானே வெளிப்பட்டதா? இல்லை! அதே சீர்திருத்திய வில்லைகளின் வழியாகப் பார்த்துத்தான், உப்புக் கரைசலில் படிகம் திரள்வதுபோல் புதிய செல்கள் ஒரு திரவத்திலிருந்து திரண்டு வருகின்றன என்று ஷ்லைடனும் ஷ்வானும் தவறாக எழுதினார்கள். செல் பிரிந்தே செல் உண்டாகிறது என்பதைக் கோழிக் கருவிலும் தவளைக் கருவிலும் தொடர்ந்து ஆராய்ந்து 1852-இல் உறுதிபடக் கூறியவர் ராபர்ட் ரெமாக். முதலில் தயங்கிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1855-இல் அந்தக் கருத்தை முழக்கமாக்கினார். பெயரும் பெரும்பாலும் அவருக்கே போயிற்று. யூதர் என்பதால் முழுப் பேராசிரியர் பதவியும் மறுக்கப்பட்ட ரெமாக்குக்குப் பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாவது ஒதுக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம். வழக்குக்குத் தொடர்பில்லாததால் விட்டுவிடுகிறேன். ஆனால் விர்ச்சோ செய்த ஒன்றை விட முடியாது. செல் செல்லிலிருந்தே வருமென்றால் கட்டியின் செல்லும் உடலின் செல்லிலிருந்துதானே வந்திருக்க வேண்டும் என்று கேட்டு, நோயின் இருப்பிடம் செல்லே என்று 1858-இல் பெர்லினில் விரிவுரைகளாக நிகழ்த்தினார். மருத்துவத்தின் திசையைத் திருப்பிய இந்த முடிவுக்கு வேர் எந்தப் புதுக் கருவியிலும் இல்லை; ஒரு கொள்கையை அதன் கடைசி எல்லைவரை கொண்டு சென்ற துணிவில் இருக்கிறது.

இனி என் கடைசிச் சான்று. நரம்புகளைக் கறுப்பாகத் துலக்கிக் காட்டும் வெள்ளிச் சாய முறையை 1873-இல் கண்டறிந்தவர் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. அதைக் கொண்டு மூளையைப் பார்த்து, நரம்புகள் பிரிவில்லாத ஒரே வலை என்றார். அதாவது செல் கோட்பாடு மூளைக்குப் பொருந்தாது என்றார். ஸ்பெயினின் ரமோன் இ காஹல் அதே சாயத்தை மேலும் செம்மைப்படுத்திப் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, 1888-இல் நரம்புச் செல்கள் தனித்தனியானவை என்றார். 1906-இல் இருவரும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மேடையிலேயே கோல்ஜி, காஹல் ஏற்றிருந்த கருத்தை எதிர்த்து உரையாற்றினார். எதிரணியினர் உடனே மின்னணு நுண்ணோக்கியைக் கொண்டுவருவார்கள். 1950-களில் அது இரு நரம்புச் செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் காட்டியது உண்மைதான். ஆனால் அதற்குள் காஹலின் முடிவுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் விடை சொல்ல வேண்டாம். இதற்கு மட்டும் சொல்லட்டும். சாயம் கோல்ஜியுடையது, வில்லைகள் இருவருக்கும் கிடைத்தவை, துலங்கித் தெரிந்த நரம்புகளும் ஒரே வகையானவை. காஹல் சரியாகவும் கோல்ஜி தவறாகவும் முடிவு செய்ததற்குக் காரணம் எந்தக் கருவி? அதைக் காட்டிவிட்டால் தீர்ப்பை அவர்கள் பக்கமே எழுதிவிடும்படி நடுவர் அவர்களை நானே வேண்டிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.