கிங்கை உருவாக்கியது அவரால் முடியாததே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பேர்பெற்ற கிதார் கலைஞர் பி.பி. கிங்கின் பாணியை உருவாக்கியது அவரால் முடிந்ததா, முடியாததா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் ‘முடிந்ததே’ என்று முழங்கினார். 15 கிராமி விருதுகளையும் 2006-இல் அமெரிக்க அதிபர் கையால் வாங்கிய பதக்கத்தையும் அடுக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். நானும் கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, விருதெல்லாம் பாணி வந்த பிறகு வந்தவை. பாணி எங்கிருந்து வந்தது என்பதை நண்பர் சொல்லவே இல்லை.

1925-இல் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக்காட்டு நடுவே பிறந்த மனிதர். இளம் வயதில் இந்தியனோலா ஊரில் டிராக்டர் ஓட்டினார். 1946-இல் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், அது குலுங்கி முன்னே பாய்ந்து கொட்டகையில் இடித்துப் புகைக்குழாய் முறிந்தது. முதலாளிக்குப் பயந்து மெம்ஃபிஸ் நகருக்கு ஓடிப்போனார். அந்த டிராக்டரையே எங்கள் அணியின் முதல் சாட்சியாகக் கூப்பிட ஆசைதான். நடுவர் முறைக்கிறார், விட்டுவிடுகிறேன்.

மெம்ஃபிஸில் அவர் தேடிப்போனது அம்மாவழிச் சொந்தமான புக்கா ஒயிட்டை. கம்பிகளின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ‘ஸ்லைடு’ கிதாரில் பேர்போனவர். அந்த ஓசை மேல் கிங்குக்குக் கொள்ளை ஆசை. முயன்றார், விரல் பணியவில்லை. தனக்கு அது வரவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன செய்தார்? வெறும் விரலால் கம்பியை அழுத்திப் பிடித்து, கையையே படபடவென்று அதிரவிட்டார். ஸ்லைடில் கேட்ட அழுகை அந்த நடுக்கத்தில் வந்துவிட்டது. நம் காதுக்குப் புரியும்படி சொன்னால் கமகம் மாதிரி, ஸ்வரம் ஓரிடத்தில் உறைந்து நிற்காமல் அசையும். இன்று மின்கிதார் கற்கிறவர்கள் அவர் பேரைச் சொல்லிப் பழகும் அதிர்வு, இன்னொருவர் வித்தை கைவராத இடத்தில் பிறந்தது.

“மின்கிதார் ப்ளூஸின் முன்னோடி டி-போன் வாக்கரைக் கேட்டுக் கற்றாரே, அது திறமை இல்லையா?” என்று கேட்டார் நண்பர். கிங் அவர் இசையைக் கேட்டார், உண்மை. வாக்கரைப் போலவே வாசிக்க முயன்றும் வரவில்லை என்பதும் உண்மை. வந்திருந்தால் நமக்கு இரண்டு வாக்கர்கள் இருந்திருப்பார்கள்.

அடுத்தது இன்னும் பெரிய குறை. பாடிக்கொண்டே வாசிக்க அவருக்கு வராது. ஒற்றை ஆளாக உட்கார்ந்து கிதாரை மீட்டியபடி பாடுவதுதான் மிசிசிப்பியில் பிறந்த டெல்டா ப்ளூஸின் பழைய வழக்கம். அந்த மண்ணில் பிறந்தவருக்கு இது சின்னக் குறையா? 1969-இல் வந்த ‘த த்ரில் இஸ் கான்’ பாட்டைக் கேளுங்கள். அவர் ஒரு வரி பாடுகிறார். வரி முடிந்ததும், குரல் விட்ட இடத்தில் அவர் கிதார் பேசத் தொடங்குகிறது. மறுபடி குரல், மறுபடி கிதார். லூசில் என்று பேர் வைத்துக் கிதாரை ஒரு பெண்ணாகவே நடத்தினாரே, அந்தப் பெண்ணுக்குப் பேச இடம் கிடைத்ததே இதனால்தான். இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்திருந்தால் லூசில் பக்கவாத்தியமாகவே இருந்திருப்பாள்.

எரியும் கூடத்துக்குள் ஓடிக் கிதாரை மீட்டுவந்த 1949-ஆம் ஆண்டுக் கதையையும் எதிரணி சொன்னது. அது துணிச்சல் ஐயா. துணிச்சலுக்குத் தனிப் பட்டிமன்றம் வைத்தால் நானும் உங்கள் அணிக்கு வருகிறேன்.

மூன்றாவது, கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. கிதார் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் சங்கதி. யூ2 என்ற ராக் இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தபோது, கார்டுகள் தனக்குச் சரிப்பட்டு வராது என்று அந்த மேதை கேமரா முன்னாலேயே சொன்னார். அது 1988-இல் வந்த படத்தில் இருக்கிறது. அதனால் அவர் மேடையில் கார்டுகளை நிரப்பியது பியானோவும் ஊதுகுழல்களும். அவருக்கு மிஞ்சியது ஒற்றை ஸ்வரங்கள். அதிலும் சிக்கனம். ஒரு ஸ்வரத்தை வளைத்து நிறுத்தினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. மின்னல் வேகத்தில் வாசிப்பவர்கள் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

உழைப்பை நான் மறுக்கவில்லை. 1956-இல் மட்டும் 342 நிகழ்ச்சிகள். வீட்டில் இருந்த நாளை நீங்களே கழித்துப் பாருங்கள்! ஆனால் அத்தனை இரவுகளிலும் அவர் தீட்டியது எதை? வராத ஸ்லைடையா, வராத கார்டையா? அவை வராததால் கையில் மிஞ்சிய அந்த நடுக்கத்தையும், குரலுக்குப் பதில் சொல்லும் அந்தக் கிதாரையும்தான். 2015-இல் 89 வயதில் இறக்கும்வரை அவர் வேறு பாணி தேடவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரே ஒரு கேள்வி. புக்கா ஒயிட்டின் குழாய் அந்த விரலில் ஒழுங்காக வழுக்கியிருந்தால், அந்தக் கை ஏன் நடுங்கியிருக்கும்? பதில் வரட்டும் நடுவர் அவர்களே, அதற்குப் பிறகு தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.