கேள்வியைக் கொடுத்தவர்கள் விடையையும் கொடுக்க வேண்டும்

(குமுளியில் பொங்கலுக்கு நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "லாஸ்ட் தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தது நியாயமா, அநியாயமா?" 'நியாயமே' அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, டீச்சர் அவர்களே, கம்பத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் சொந்தங்களே, கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நிற்கும் குமுளி வியாபாரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பொங்கலுக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று முன் வரிசையில் ஒரு ஐயா கேட்டார். ஐயா, நம்ம ஊரில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் அது கடைசியில் முல்லைப் பெரியாறு அணையில் போய்த்தான் நிற்கும். அப்புறம் இரண்டு மாநிலத்துப் போலீஸையும் கூப்பிட வேண்டியிருக்கும். அதற்கு இந்த லாஸ்ட் தொடரின் தீவு எவ்வளவோ தேவலை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிற ஓஷியானிக் 815 விமானம், எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு தீவில் உடைந்து விழுகிறது. பிழைத்தவர்கள் படும் பாடுதான் கதை. வெயில் காயும் அந்தத் தீவில் பனிக்கரடி ஓடுகிறது, காட்டுக்குள் யாரோ கிசுகிசுக்கிறார்கள், கரும்புகை ஒன்று ஆளைத் தூக்கி அடிக்கிறது. அமெரிக்காவில் ஏபிசி சேனலில் 2004 செப்டம்பரில் தொடங்கி ஆறு சீசன் ஓடியது. 2010 மே 23 அன்று கடைசி எபிசோடை அந்த நாட்டில் மட்டும் சுமார் 1.35 கோடிப் பேர் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் வசவு. நமக்கு அது பென்டிரைவில் கைமாறி வந்தபோதும் அதே கதைதான்.

இப்போது அண்ணன் பேசியதற்கு வருகிறேன். "கதையை ரசிக்கத் தெரியாதவன்தான் கணக்குக் கேட்பான். தொடர் மனிதர்களைப் பற்றியது, மர்மம் வெறும் சாக்கு" என்று அழகாகச் சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி அண்ணே, கணக்குப் போடச் சொன்னது யார்?

4, 8, 15, 16, 23, 42. அந்தத் தொடரில் ஹியூகோ என்ற பையன் இந்த எண்களை எழுதித்தான் லாட்டரி அடிக்கிறான். அடித்த நாளிலிருந்து அவனுக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் கெட்டதே நடக்கிறது. தீவில் புதைந்து கிடக்கும் நிலவறை மூடியிலும் அதே எண்கள். உள்ளே இருக்கும் கணினியில் 108 நிமிடத்துக்கு ஒரு தடவை அதே எண்களைத் தட்ட வேண்டும். ஆறு எண்களையும் கூட்டினால் 108 வரும். விமானத்தின் எண்ணான 815இலேயே 8உம் 15உம் இருக்கின்றன. இதையெல்லாம் அங்கங்கே ஒளித்து வைத்தது பார்க்கிறவனா? அவனைக் காகிதமும் பேனாவுமாக உட்கார வைத்துவிட்டு, ஆறு வருடம் கழித்து "நீ ஏன் கணக்குப் போட்டாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

லாட்டரி என்றதும் இங்கே பலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். உட்காரத்தான் செய்வீர்கள். தமிழ்நாட்டில் 2003இல் தடை வந்ததிலிருந்து, செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கண்ணில் படுவது லாட்டரிக் கடைதானே. உங்களுக்காகவே ஒரு சங்கதி. தொடர் முடிந்த பிறகு, 2011 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மெகா மில்லியன்ஸ் லாட்டரியில் விழுந்த எண்கள் 4, 8, 15, 25, 47. மெகா எண் 42. ஹியூகோவின் ஆறில் நாலு! அவன் எண்களையே எழுதி வைத்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு ஆளுக்கு 150 டாலர் கிடைத்தது. கதை முடிந்து ஏழு மாதம் ஆகியும் ஜனங்கள் அந்த எண்களை விடவில்லை. கேரள லாட்டரியில் எண் அச்சடித்தே வருவதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

அந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்? கடைசி சீசனில் ஒரு குகைச் சுவரைக் காட்டினார்கள். தீவின் அடுத்த காவலராகத் தகுதியுள்ளவர்களின் வரிசை எண்களாம் அவை: பிழைத்தவர்களில் லாக்குக்கு 4, ஜாக்குக்கு 23, இப்படி. ஏன் குறிப்பாக அந்த எண்கள்? அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது, மனித குலம் எப்போது அழியும் என்று கணிக்கும் ஒரு சமன்பாட்டோடு சேர்த்து. ஆனால் அது தொடரில் வரவில்லை. 2006இல் இணையத்தில் நடத்திய ஒரு விளையாட்டில் சொன்னார்கள்! வாராவாரம் டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்கு விடை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த எபிசோட் ஒன்றைச் சொல்கிறேன். முதல் சீசன் 2005 மே மாதம் முடிகிறது. நிலவறையின் மூடியை வெடி வைத்துப் பிளக்கிறார்கள், ஜாக்கும் லாக்கும் குனிந்து பார்க்கிறார்கள், கேமரா கீழே கீழே போகிறது, அவ்வளவுதான். நாலு மாதம் காத்திருந்தார்கள். செப்டம்பர் 21 அன்று இரண்டாவது சீசன் தொடங்கினால், யாரோ ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்கிறான், கையில் ஊசி போட்டுக்கொள்கிறான். எந்த வீடு, எந்த ஊர் என்றே புரியவில்லை. திடீரென்று மேலே வெடிச்சத்தம் கேட்கிறது. அவன் இருப்பதே அந்த நிலவறைக்குள்தான்! இப்படி ஒரு திறப்பை எழுதத் தெரிந்தவர்களுக்கு விடை எழுதத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அந்த எபிசோடுக்கு வைத்த பெயரை அப்படியே தமிழில் சொன்னால் "அறிவியல் மனிதன், நம்பிக்கை மனிதன்". டாக்டர் ஜாக் எதற்கும் காரணம் கேட்பவர். லாக் எதையும் விதி என்று நம்புபவர். ஐந்து வருடம் நம்மை ஜாக்காக இருக்கப் பழக்கினார்கள், நடுவரே. "உற்றுப் பார், குறித்து வை, சந்தேகப்படு" என்றார்கள். கடைசி எபிசோடில் ஒரு தேவாலயத்தைக் காட்டி, "இப்போது லாக்காக மாறு, கேள்வி கேட்காமல் கும்பிடு" என்றால் எப்படி மாறுவது? அந்தக் கோபத்துக்குத்தான் நாங்கள் வாதாடுகிறோம்.

டீச்சர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "எல்லோரும் விமான விபத்திலேயே செத்துவிட்டார்கள், தீவே பொய்" என்று திட்டியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. நடந்தது எல்லாம் நிஜம், சிலர் உனக்கு முன்னால் இறந்தார்கள், சிலர் வெகு காலம் கழித்து இறந்தார்கள் என்று அப்பாக்காரர் ஜாக்கிடம் தெளிவாகவே சொல்கிறார். அந்தக் கோபத்தை எங்கள் அணி சுமக்காது. ஆனால் டீச்சர், கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஆளே இல்லாத கடற்கரையில் விமானச் சிதறலைக் காட்டியது யார்? சேனல்காரர்கள். பிறகு அவர்களே "அதற்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை" என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பனிக்கரடிக்கும் விடை கிடைத்தது. ஆராய்ச்சிக்காகக் கொண்டு வந்தார்களாம். கிசுகிசுப்புக்கும் கிடைத்தது. மூங்கில் காட்டில் ஜாக் விழுந்து கிடக்க, நாய் வந்து பக்கத்தில் படுத்த இடத்தில் நானும் அழுதேன். அழ வைத்ததற்கு நன்றி. பாக்கி அப்படியே நிற்கிறது.

அடுத்து, "விடை சொன்னால் சுவாரசியம் செத்துவிடும்" என்று அண்ணன் ட்வின் பீக்ஸ் என்ற கொலை மர்மத் தொடரைச் சாட்சிக்கு இழுத்தார். உண்மைதான். 1990இல் கொலையாளியை நடுவிலேயே காட்டினார்கள், பார்ப்பவர்கள் குறைந்தார்கள், அடுத்த வருடம் தொடரே நின்றது. ஆனால் அண்ணே, அது நடுவில் அவிழ்த்த முடிச்சு. கடைசி எபிசோடில் அந்தப் பயம் எதற்கு? அதற்குப் பிறகு யார் பார்க்காமல் போனால் என்ன? "சேனல் இழுக்கச் சொன்னது, பாவம் எழுதியவர்கள் என்ன செய்வார்கள்?" என்பதும் நிற்காது. 2007 மே மாதமே தேதி குறித்தாயிற்று: இன்னும் 48 எபிசோட், 2010இல் முடிவு. மூன்று வருட அவகாசம் எந்தக் கதாசிரியருக்குக் கிடைக்கும்?

"ரசிகன் சொல்வதையெல்லாம் படைப்பாளி கேட்க முடியுமா?" என்றும் ஒரு கேள்வி வந்தது. கேட்டிருக்கிறார்களே! மூன்றாவது சீசனில் நிக்கி, பாலோ என்று ஒரு ஜோடியைப் புகுத்தினார்கள். ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 2007 மார்ச்சில் இரண்டு பேரையும் உயிரோடு புதைத்துக் கதையை முடித்தார்கள். பிடிக்காத ஆளைப் புதைக்க ரசிகனின் பேச்சு வேண்டும், விடை கேட்டால் மட்டும் அவன் ரசனை கெட்டவனா?

நம்ம ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிற அக்காமார் விடுகதை போடுவார்கள். "தெரியலை, நீயே சொல்லுக்கா" என்று தோற்றுவிட்டால், போட்டவர் விடையைச் சொல்லியே ஆக வேண்டும். "கடையில வாங்கிப் பார்த்துக்கோ" என்று எந்த அக்காவாவது சொன்னதுண்டா? இவர்கள் சொன்னார்கள்! வால்ட் என்று ஒரு சிறுவன். அவன் நினைத்தால் பறவைகள் வந்து மோதிச் சாகின்றன. முதல் சீசன் கடைசியில் அவனைக் கடத்திப் போகிறார்கள். அவன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத் தொடர் சொல்லவே இல்லை. முடிந்த சில மாதத்தில் டிவிடி வந்தது. அதில் 12 நிமிடம் ஓடும் ஒரு துண்டுக் கதை. வால்ட் அதில் வந்து தலையைக் காட்டுகிறான். காசு கொடுத்தவனுக்கு மட்டும்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், நடுவரே. முடித்துவிடுகிறேன். எதிரணி டீச்சருக்கு ஒரே ஒரு கேள்வி. வால்ட்டை ஏன் கடத்தினார்கள்? 2010 மே 23 வரை டிவியில் வந்ததை மட்டும் வைத்துப் பதில் சொல்லட்டும், எங்கள் அணி மேடையை விட்டு இறங்கிவிடுகிறது. டிவிடியைப் பார்த்துச் சொல்லக் கூடாது, டீச்சர்.