மடியில் இல்லை, வாசலில் இருந்தது கனம்

(மேரிலாந்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "கதவைத் தட்டாமல் வீடு புகும் போலீஸ் சோதனை: காவலா? ஆபத்தா?" 'ஆபத்தே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தமிழ்த்தாய்க்கும் சான்றோருக்கும் தனித்தனியா வணக்கம் சொல்ற வேலையை எதிரணி அண்ணனே முடிச்சுட்டாரு. அவர் பேசின நேரத்துல பாதி அதுக்குத்தான் போச்சு.

மீதிப் பாதியில ஒரு பழமொழி சொன்னாரு. "மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு? யோக்கியமானவங்க வீட்டுக்குப் போலீஸ் ஏன் வரப் போகுது? இந்தம்மா இவ்வளவு பதறுறாங்கன்னா அவங்க பேஸ்மென்ட்டை ஒருதடவை பாக்கணும்." நல்ல கைதட்டல். முதல் கைதட்டு என் வீட்டுக்காரரோடது. அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன்.

அண்ணே, பேஸ்மென்ட்டுக்குத் தாராளமா வாங்க. போன வருஷ ஆவக்காய் இருக்கு, துணி காயப் போடுற டிரெட்மில் இருக்கு. வாங்க, பாருங்க. தட்டிட்டு வாங்க. அவ்வளவுதான் எங்க கட்சி.

மடியில கனம்னு சொன்னீங்கள்ல? ஒரு கனம் சொல்றேன். 32 பவுண்டு. நம்ம கணக்குல பதினாலரைக் கிலோ கஞ்சா. எங்கே? இதே மேரிலாந்துல, பெர்வின் ஹைட்ஸ்ல. 2008 ஜூலை 29. அந்த ஊர் மேயர் கால்வோ வீட்டு வாசல்ல.

மேயர் வாங்கினாரா? இல்லை. யாரோ ஒரு கடத்தல்காரன், சம்பந்தமே இல்லாதவங்க முகவரிக்குப் பார்சல் அனுப்புவான். கூட்டாளி வந்து வாசல்லயே எடுத்துட்டுப் போயிடுவான். இந்தத் தடவை மேயர் மனைவி பேர்ல வந்த பார்சலைப் போலீஸ் நடுவழியில பிடிச்சாச்சு. பிடிச்சவங்க என்ன பண்ணாங்க? டெலிவரி ஆள் வேஷம் போட்டு அவங்களே கொண்டுவந்து கொடுத்தாங்க. கதவைத் திறந்தது யாரு? மேயரோட மாமியார்! "வாசல்லயே வெச்சிடுப்பா"ன்னாங்க. எல்லா மாமியாரும் சொல்றதுதானே?

மேயர் நாய் ரெண்டையும் வாக்கிங் கூட்டிட்டுப் போயிட்டு வர்றாரு. வாசல்ல பார்சல். மனைவி பேர் போட்டிருக்கு. கல்யாணமான ஆம்பளை, பிரிச்சுப் பார்ப்பானா? உள்ளே கொண்டுபோய் மேஜைமேல வெச்சுட்டு, ஒரு மீட்டிங்குக்காக டிரஸ் மாத்த மாடிக்குப் போறாரு. மாமியார் அடுப்புல சாஸ் கிண்டிட்டிருக்காங்க. ஜன்னல் வழியா பாக்கறாங்க... கறுப்பு உடையில, துப்பாக்கியோட ஒரு படையே ஓடி வருது.

நடுவர் அவர்களே, உங்க மாமியாரா இருந்தா என்ன செய்வாங்க? கத்துவாங்க. அவங்களும் கத்தினாங்க. கதவு உடைஞ்சு விழுந்தது.

இனிமேதான் கதையே. அந்த வீட்டுக்குத் தட்டாம நுழைய அனுமதி இருந்ததா? கிடையாது! தட்டிட்டுத்தான் நுழையணும்ங்கற சாதாரண வாரண்ட். அப்புறம் ஏன் தட்டலே? காவல்துறை தரப்புல சொன்ன விளக்கத்தைக் கேளுங்க: மாமியார் கத்திட்டாங்க, அதனால தட்டி நிக்க முடியலே! மருமகனுங்க எல்லாம் கைதட்டாதீங்க, இது சோகக் கதை. முதல்ல துப்பாக்கியோட ஓடி வருவாங்களாம். பார்த்தவங்க கத்தக் கூடாதாம். கத்தினா, கத்தினதே கதவை உடைக்கக் காரணமாம்.

மேயரை ஜட்டியோட கீழே இறக்கி விலங்கு மாட்டினாங்க. "நான்தாங்க இந்த ஊர் மேயர்." யார் நம்புவா? சொல்ற ஆள் நிக்கிற கோலம் அப்படி. மாமியாரைச் சமையலறைத் தரையில குப்புறப் போட்டு விலங்கு. பெர்வின் ஹைட்ஸ் சொந்தப் போலீசுக்கே தகவல் கிடையாது. வந்தது கவுன்டி, அதாவது மாவட்டப் போலீஸ் ஆளுங்க. ரெண்டு நாயையும் சுட்டுட்டாங்க. அதுல ஒண்ணு பயந்து ஓடுறப்போ விழுந்தது. கடைசியில மேயர் குடும்பம் நிரபராதின்னு காவல்துறையே ஒத்துக்கிச்சு. மடியில ஒண்ணுமில்லே அண்ணே. கனத்தை வாசல்ல வெச்சது போலீஸ்!

"தட்டினா ஆதாரத்தை டாய்லெட்ல கொட்டிடுவான்"னு இன்னொரு வாதம். 14.5 கிலோவையா? எங்க வீட்டு டாய்லெட் ஒரு டயப்பருக்கே மூச்சு முட்டுது.

சரி, தட்டினா மட்டும் எவ்வளவு நேரம் கொடுப்பாங்க? 15, 20 விநாடி காத்திருந்தா போதும்னு 2003-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அந்த வழக்குல வீட்டுக்காரர் குளிச்சிட்டிருந்தாரு. என் மாமனாருக்கு வேட்டியை இறுக்கிக் கட்டவே ஒரு நிமிஷம் ஆகும்.

முதல் மணியா? அடிங்க நடுவரே. நீங்களாவது சொல்லிட்டு நிறுத்துறீங்க.

அட்லான்டாவுல கேத்ரின் ஜான்ஸ்டன்னு ஒரு பாட்டி. 92 வயசு. தனியா இருந்தாங்க. 2006 நவம்பர் 21. பொய் சொல்லி வாங்கின வாரண்ட்டோட வந்து வீட்டுக் கதவை உடைச்சாங்க. திருடன்னு நினைச்சு பாட்டி ஒரே ஒரு தடவை சுட்டாங்க. அது யார் மேலேயும் படலே. பதிலுக்கு 39 குண்டு. வீட்டுல எதுவும் இல்லேன்னு தெரிஞ்சதும், போலீசே கஞ்சா பொட்டலத்தைக் கொண்டுவந்து வெச்சது. பிறகு கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க.

லூயிவில்ல பிரியோனா டெய்லர். 26 வயசு. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல உயிரைக் காப்பாத்த உதவுற மருத்துவ உதவியாளர். 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டின நேரம். தட்டாம நுழையவே அனுமதி வாங்கி வெச்சிருந்தாங்க. தட்டினோம்னு அப்புறம் சொன்னாங்க. ஆனா உள்ளே இருந்த அவங்க காதலருக்கு வந்தது போலீஸ்னே தெரியலே. திருடன்னு நினைச்சு ஒருதடவை சுட்டாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து 32 குண்டு. அந்தப் பொண்ணு கீழே விழுந்து கிடக்கு. அவர் 911-க்கு போன் பண்றாரு. யாரோ கதவை உடைச்சு வந்து சுட்டுட்டாங்கன்னு அழறாரு. சுட்டது போலீஸ்னு தெரியாம, போலீசையே உதவிக்குக் கூப்பிடறாரு. போதைப்பொருள் ஒரு சிட்டிகை கிடைக்கலே. அந்தப் பொண்ணு குடும்பத்துக்கு 1.2 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தாங்க. தட்டாத வாரண்ட்டே இனி வேண்டாம்னு லூயிவில் சட்டம் போட்டுச்சு. சட்டத்துக்கு அந்தப் பொண்ணு பேரையே வெச்சாங்க. பெத்தவளுக்குச் சட்டத்தை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது?

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு, முடிச்சுடறேன். எங்கம்மா விசிட்டர் விசாவுல வந்திருக்காங்க. அதோ, நாலாவது வரிசையில, பச்சைப் பட்டுப்புடவை. ராத்திரி ஹால் சோபாவுலதான் படுப்பாங்க, மாடி ஏற முழங்கால் விடாது. காதும் மந்தம். இங்கிலீஷ்ல "போலீஸ்"ங்கற ஒரு வார்த்தை புரியும், அதுவும் நிதானமாச் சொன்னா. நாங்க வேலைக்குப் போறப்போ தினம் சொல்லிட்டுப் போவேன்: "அம்மா, யார் தட்டினாலும் யாருன்னு கேட்டுட்டுத்தான் திறக்கணும்." அவங்களும் சரிம்மான்னு தலையாட்டுவாங்க. அண்ணே, நீங்க ஜெயிச்சுட்டுப் போங்க, எனக்குக் கவலையில்லே. ஆனா தட்டாம வர்றவனுக்கு எங்கம்மா என்ன பண்ணணும்னு, கீழே இறங்கி அவங்க பக்கத்துல உட்கார்ந்து, நீங்களே கொஞ்சம் சத்தமா சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க.

நன்றி, வணக்கம்.